இடது பக்க மட்கார்டு

நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார், நான் லேபில் உட்கார்ந்து அந்த அச்சுக்குப் பொருந்துகிற பல்லைச் செய்து அனுப்புவேன். வாய்க்குச் சொந்தக்காரரை நான் பார்த்ததே கிடையாது. என் பல்லை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. தெரியவும் கூடாது. பொய்ப்பல் என்று யாரும் கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் நான் கெட்டிக்காரி. இப்படிப்பட்ட பிழைப்பில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, ஒரே ஒரு தடவை, உள்ளங்கை அகல அட்டையில் என் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

அட்டை அண்ணனுடைய சங்கத்து அட்டை. அண்ணனுக்குப் பிளாஸ்டிக் கார் கட்டுகிற பைத்தியம். பொம்மை என்று சொன்னால் முகம் தூக்கிக்கொள்வான், மாடல் என்று சொல்லவேண்டும். அதிலும் எல்லாக் காரும் ஆகாது. டியூன் பக்கி மட்டும்தான். மணல்மேட்டில் ஏறி இறங்குவதற்கென்றே, ஒரு சின்னக் காரின் அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கி, மேலே குளிக்கிற தொட்டி மாதிரி ஓர் உடம்பை உட்காரவைத்து, கதவும் இல்லாமல் கூரையும் இல்லாமல், பின்னால் என்ஜின் அம்மணமாகத் தெரிய ஓடுகிற வண்டி. அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் அதன் மாடல்கள் பெட்டி பெட்டியாக வந்தன. இப்போது அந்தக் கம்பெனிகளே இல்லை. பழைய பெட்டி எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடித்து அலைவதுதான் அவனுக்கு ஓய்வு பெற்றபின் உத்தியோகம். "ஒரு பக்கி வீட்டுல இருந்தா போதாதா, அலமாரி பூரா எதுக்கு" என்பாள் அண்ணி. இந்த நகைச்சுவையை அவள் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லி வருகிறாள். இன்னும் அவளுக்கு அலுக்கவில்லை.

அவனைப் போன்ற ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வாசகசாலை மாடியில் கூடுவார்கள். அண்ணன்தான் தலைவர். மற்றவர்கள் கட்டிக்கொண்டு வரும் மாடலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எங்கே பசை வழிந்திருக்கிறது, எங்கே இணைப்பு தெரிகிறது, எந்த ஸ்டிக்கர் கோணல் என்று சொல்லுவான். ஆபீசில் அவன் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. வாசகசாலை மாடியில் அவன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் வலது கை, பிறகு இரண்டும். மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும், முழுக்க நிற்காது. ஒரு சாயங்காலம் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "பாப்பா, இந்தக் கண்ணாடியை மட்டும் ஒட்டிக் குடேன்" என்றான். எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த தடவை கண்ணாடியோடு ஸ்டிக்கரும் வந்தது. அப்புறம் பெயின்ட் வந்தது. அப்புறம் பெட்டியே வர ஆரம்பித்தது. நான் தனிக்கட்டை, லேப் முடிந்து வந்தால் வீட்டில் சுவரோடுதான் பேசவேண்டும். அதனால் நானும் இடம் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. காலமெல்லாம் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவில் கிடந்தவளுக்கு, மினுமினுக்கிற ஆரஞ்சு பெயின்டை ஏர் பிரஷ்ஷில் ஊற்றி அடிப்பது என்றால் சும்மாவா.

மாடல்கள் அண்ணன் பெயரில் போயின, அண்ணன் பெயரில் பாராட்டு வாங்கின. வந்து அப்படியே சொல்லுவான். "எக்ஸாஸ்ட் பைப்பை எப்படி இவ்வளவு நீட்டா ஒட்டினீங்கன்னு கேட்டாங்க." நீ என்ன சொன்னாய் என்று கேட்பேன். "குரோம் பூச்சைச் சுரண்டிட்டு ஒட்டணும்னு சொன்னேன்." அதை அவனுக்குச் சொன்னதே நான்தான். சிரித்துக்கொள்வேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

இந்த வருடக் கண்காட்சியில் பழைய டியூன் பக்கிகளுக்கென்றே தனிப் போட்டி வைத்தார்கள். அண்ணனிடம் ஒரு பெட்டி இருந்தது. மேலே சுற்றிய கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காத பெட்டி. பையனாக இருந்தபோது வாங்க முடியாமல் கடை ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்தானாம், பிறகு சம்பாதித்து, தேடி, வாங்கி, பிரிக்காமல் வைத்துவிட்டான். பிரிக்காத பெட்டி என்றால் அந்த ஆட்களிடையே தனி மரியாதை. வீட்டுக்கு வருபவர்களிடம் தூரத்திலிருந்து காட்டுவான். அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கூட அண்ணியும் வந்தாள்.

"இதைக் கட்டிரலாம் பாப்பா" என்றான். "இனிமே வெச்சுப் பாத்து என்ன ஆகப்போகுது."

நான் டக்கென்று கேட்டுவிட்டேன். "கட்டறேன். ஆனா அட்டையில என் பேரும் வரணும்."

"எந்த அட்டை?"

"மாடலுக்கு முன்னாடி வைப்பீங்களே, செஞ்சவர் பேர் போட்டு. உன் பேர் மேலயே இருக்கட்டும். கீழ என் பேர்."

அவன் பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "போட்டா என் கையைப் பத்தித் தெரிஞ்சுருமே."

"ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம்னு போடு. கையைப் பத்தி யாரு கேக்கப்போறா."

"உனக்கு அவங்களைத் தெரியாது. கை ஆடறவன் அடுத்தவன் மாடலுக்கு என்ன தீர்ப்பு சொல்றதுன்னு ஆரம்பிச்சுருவாங்க. நாற்காலி போயிரும்."

அண்ணிதான் எனக்காகப் பேசினாள். "அவதானே எல்லாம் பண்றா. பேரைப் போட்டா என்ன குறைஞ்சா போயிருவீங்க." அண்ணன் அவளையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "சரி, போடறேன்" என்றான். "நான் சாட்சி" என்றாள் அண்ணி.

தாளை நான் வெட்டினேன், மூடியை அவன் திறந்தான். பழைய பிளாஸ்டிக்கின் நெடி குப்பென்று வந்தது. அவன் முகத்தில் இருந்த ஆவலைப் பார்க்கவேண்டுமே, பள்ளிக்கூடத்துப் பையன் கெட்டான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். பாகங்கள் கொத்துக் கொத்தாக, வார்த்த பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியே இருந்தன. டயர்கள் இருந்த பை மட்டும் எப்போதோ கிழிந்திருந்தது. தூக்கப் போனால் டயர் வரவில்லை. பின்பக்கத்து ஒரு பெரிய டயர் வண்டி உடம்பின் இடது மட்கார்டுக்குள் புதைந்து கிடந்தது. இன்னொன்று முன் கண்ணாடியோடு ஒட்டி, கண்ணாடி சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அந்தக் காலத்து மாடல்களில் டயர் மெத்தென்று ரப்பர் போல இருக்கும். அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் வருடக்கணக்கில் மெல்லக் கசியும். கசிந்த இடத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் எது பட்டாலும் கரைந்துவிடும். அதனால் பெட்டி வாங்கினால் முதல் வேலையாக டயரை எடுத்துத் தனியே வைக்கவேண்டும். சங்கத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் என் அண்ணன் சொல்லுகிற முதல் பாடமே இதுதான். ஆனால் தன் பெட்டியை அவன் திறக்கவில்லை. திறந்தால் பிரிக்காத பெட்டி என்ற பெயர் போய்விடுமே. ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் மரியாதையை உள்ளே வைத்துப் பூட்டி அழுகவிட்டிருக்கிறான்.

அவன் டயரைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தான். "தூக்கிப் போட்டுரு" என்று எழுந்தான். வாசல் வரை போய், செருப்பை மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இருக்கட்டும், நான் பாக்கறேன்" என்றேன்.

வலது பக்கத்துப் பல் இருக்கும், இடது பக்கத்துப் பல் இருக்காது. இருப்பதைப் பார்த்து இல்லாததைச் செய்யவேண்டும். அப்படியே செய்தால் உதவாது, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிச் செய்யவேண்டும். இதுதான் நான் தினமும் செய்வது. மட்கார்டு என்ன, கொஞ்சம் பெரிய கடைவாய்ப்பல். கரைந்ததை ஒழுங்காக அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் மெழுகு வைத்து, வலது மட்கார்டைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். அது லேசில் வசப்படுகிற வளைவு இல்லை. மேலே உப்பி, சக்கரத்தைத் தாண்டியதும் சட்டென்று உள்ளே மடங்கும், ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு விளிம்பு ஓடும். லேபில் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனால் நான் மெழுகோடு உட்கார்ந்திருப்பேன். மூன்று தடவை செதுக்கி மூன்று தடவையும் உருக்கிவிட்டேன். நாலாவது சரியாக வந்தது. பல்செட்டுக்குச் செய்கிற மாதிரியே பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை வெந்நீரில் உருக்கி வெளியேற்றி, அந்தக் குழியில் பல்செட்டுக்கான அக்ரிலிக் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்தேன். உடைத்து எடுத்து, உப்புத்தாள் போட்டு, உடம்போடு ஒட்டி, பட்டி வைத்துத் தேய்த்தேன். கண்ணால் பார்த்தால் போதாது, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் இழுத்துப் பார்த்தேன். நகம் எங்கேயும் தடுக்கவில்லை.

முன் கண்ணாடிக்கு லேபில் இருக்கும் மெஷினே கைகொடுத்தது. ராத்திரி பல் கடிக்கிறவர்களுக்கு உறை செய்ய கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின்மேல் இழுத்து ஒட்டவைக்கும் மெஷின். முதலாளியிடம் கேட்டேன். "பல்லைக் கடிக்கிற காரா?" என்று கிண்டலடித்துவிட்டுச் சம்மதித்தார். பெட்டியில் வந்த கண்ணாடி பாட்டில் அடிபோல் தடித்திருக்கும். நான் இழுத்தது மெல்லிசாக, நிஜ வண்டிக் கண்ணாடிபோல் இருந்தது. டயரையும் அக்ரிலிக்கில் வார்த்துக் கறுப்படித்தேன், இனி எதையும் தின்னாது.

வேலை முடிந்து அண்ணனைக் கூப்பிட்டேன். ஆரஞ்சு உடம்பு, மினுமினுப்பு, பின்னால் பளபளவென்று மேலே வளைந்து எழும் இரண்டு பைப். அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மாடியில் மற்றவர்கள் மாடலைப் பார்க்கிற பார்வை பார்த்தான்.

"எந்தப் பக்கம் நான் செஞ்சது, சொல்லு பாப்போம்" என்றேன்.

பெட்டி பிரித்த அன்றைய பதற்றத்தில் எந்தப் பக்கம் கரைந்தது என்று அவன் மனசில் பதியவில்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். விளக்கை இறக்கிப் பிடிக்கச் சொன்னான். கடைசியில் வலது மட்கார்டைக் காட்டி, "இதோ, இங்க லேசாத் தெரியுது" என்றான். அது பெட்டியில் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, துள்ளிக் குதிக்காத குறைதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் பேரைப் போடாம விட்டா நான் மனுஷனே இல்ல பாப்பா" என்றான். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

கண்காட்சிக்கு நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். வாசகசாலையின் கீழ்க்கூடம் முழுக்க மேஜைகள், வெள்ளைத் துணி விரித்து. பக்கிகள் ஜன்னலோரம் இருந்தன. எங்களுடையதைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கிட்டப் போய் அட்டையைப் பார்த்தேன். அண்ணன் பெயர் இருந்தது. கீழே "பழைய பெட்டி, முழுவதும் மறுசீரமைப்பு" என்று இருந்தது. அட்டைக்குப் பின்னால் எழுதியிருக்குமோ என்று வெட்கம்கெட்டுப் புரட்டிக்கூடப் பார்த்தேன்.

அண்ணியைத் தேடினேன். சாட்சி சொன்னவள் மூலையில் யாரோ ஒரு குழந்தையை ரொம்ப மும்முரமாகக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அண்ணனைத் தூணோரம் இழுத்தேன்.

"என்னண்ணா இது."

"கத்தாத. இந்த ஒரு தடவை விட்டுரு. தெரிஞ்சா அவ்ளோதான், என்னை ஒதுக்கிருவாங்க. எனக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு, சொல்லு."

அவன் கை சட்டைப் பைக்குள் இருந்தது. பைக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பயப்படுகிறான், பாவம், என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் நடுவர்கள் வந்தார்கள். மட்கார்டு பற்றிக் கேட்டார்கள். இருப்பதைப் பார்த்து இல்லாததைச் செய்யவேண்டும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி, என்று அண்ணன் விளக்கினான். "நாலாவது தடவைதான் சரியா வந்துச்சு" என்றுகூடச் சொன்னான். நான் மூன்றடி தள்ளி நின்று என் வேலையை அவன் வாயால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பரிசு அவனுக்குத்தான். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

சங்கத்துச் செயலாளர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். நடுவர்களில் அவரும் ஒருவர். டீயோடு என் பக்கம் வந்து நின்றார். குரலைத் தணித்துக்கொண்டு, "மட்கார்டு உங்க கைவேலைதானே?" என்றார்.

நான் எத்தனையோ நாள் காத்திருந்த கேள்வி. வந்தபோது எனக்குப் பதறிவிட்டது. "இல்லயே, எல்லாம் அண்ணன்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "என்கிட்ட எதுக்கும்மா மறைக்கறீங்க. அவருக்குக் கை முடியலன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். டீ கப்பையே ரெண்டு கையால பிடிக்கிறாரு. அதுக்கு மேல இந்த வேலை ஒரு பல் லேப்ல நடந்த வேலைன்னு பாத்தாலே தெரியுது. கண்ணாடி அபாரம். நான் இப்படி ஒண்ணு பாத்ததே இல்ல."

"தெரிஞ்சுமா அவருக்குப் பரிசு குடுத்தீங்க?"

"கமிட்டில பேசினோம்மா. மனுஷனுக்கு இதான் உசிரு. நீங்களும் கூடப்பொறந்தவங்க, உங்களுக்கு இதுல ஒரு வருத்தமும் இருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்ட என்னம்மா கேக்கறது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மனசார, மரியாதையாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். அங்கே இருந்த எல்லோருமே நல்ல மனிதர்கள்தான். எல்லோருமாக ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, என் உழைப்பை எடுத்து என் அண்ணனுக்குத் தர்மம் செய்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்போதும் ஒன்று மட்டும் நினைத்தேன். இவர்களுக்குத் தெரியும் என்று அண்ணனுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் உடைந்துபோவான்.

போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். பக்கியை நடுவில் வைத்து, அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். கடிகாரக்காரர் போனை நீட்டியபடி முன்னால் வந்தார். "நீங்களும் வந்து நில்லுங்க" என்று அண்ணன் அவரைக் கூப்பிட்டான். "போனைப் பாப்பாகிட்ட குடுங்க. எங்க வீட்டுல கை ஆடாத ஆளு அவ ஒருத்திதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணனும் சிரித்தான். கையைத் தூக்கி, ஆடுவதைக் காட்டி, இன்னும் கொஞ்சம் ஆட்டிச் சிரித்தான். இது அங்கே புதிய வேடிக்கையில்லை என்று எனக்குப் புரிந்தது. பலமுறை சொல்லிச் சிரித்துப் பழகிய சிரிப்பு அது. நான் போட்டோ எடுத்தேன். ஆடாமல் வந்திருந்தது.

திரும்பும்போது வாசலில் ஆட்டோவுக்கு நின்றோம். அண்ணி கொஞ்சம் தள்ளி நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கி இருந்த அட்டைப்பெட்டி அண்ணன் கையில் இருந்தது.

"உன் கையைப் பத்தி அவங்களுக்குத் தெரியும்னு உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

அவன் பொய் சொல்லப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். "போன வருஷமே நானே சொல்லிட்டேன்."

"அப்ப நாற்காலி போயிரும்னு சொன்னது?"

அவன் பெட்டி மூடியை அழுத்தி மூடினான்.

"அப்புறம் ஏண்ணா என் பேரைப் போடல?"

உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எனக்குச் சரியான பதிலைச் சொல்லவேண்டும் என்ற அக்கறையோடு யோசித்தான்.

"உன் பேரைப் போட்டா நான் செஞ்சதுன்னு ஆகாதே பாப்பா" என்றான்.

ஆட்டோ வந்தது. அண்ணி ஏறி உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் ஏறக் கம்பியைப் பிடிக்கவேண்டும், அதற்காகப் பெட்டியை என்னிடம் நீட்டினான். பெட்டி அவன் கையில் ஆடியது, உள்ளே பக்கி அட்டையில் மோதுகிற சத்தம் கேட்டது. "பிடி பாப்பா" என்றான். நான் கை நீட்டவில்லை.